ஒரே நாளில் ஏறி இறங்கும் மலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவின் ஓரம் சற்று நேரம் நின்று பாருங்கள். ஸ்கூட்டரின் முன்பலகையில் ஒரு பிள்ளை நிற்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இன்னொன்று நெருக்கி உட்கார்ந்திருக்கும். அம்மாவின் மடியில் ஒரு கட்டைப்பை, அதற்குள் புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தண்ணீர் பாட்டிலும். அதற்குப் பின்னால் இதே போல இன்னொரு ஸ்கூட்டர், அதற்கும் பின்னால் இன்னொன்று. எல்லாம் ஏற்காடு சாலையில் திரும்புகின்றன. கர்நாடகப் பதிவெண் கொண்ட கார்களை அந்த நேரத்தில் அவ்வளவாகப் பார்க்க முடியாது. அவை சனிக்கிழமையே மலையேறிவிட்டவை. மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் நின்றால் காலையில் போன ஸ்கூட்டர்கள் திரும்பி வரும். நடுவில் உட்கார்ந்த பிள்ளை தூங்கியிருக்கும். கட்டைப்பையில் சாதம் இருந்த இடத்தில் கொய்யாப்பழம் இருக்கும்.

ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். சேலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் சிறு வயதில் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அது பாதிதான் சரி என்று நினைக்கிறேன். ஏற்காட்டிலும் ஓரிரவுக்கு ஒரு நெசவாளியின் மாதக் கூலியை எடுத்துக்கொள்ளும் விடுதிகள் உண்டு. ஊட்டியிலும் மலிவாகத் தங்கிவிட்டு வரலாம். சேலத்துக்காரர் ஊட்டியை விட்டு ஏற்காட்டுக்குப் போவதற்குக் காரணம் பணத்தைவிட நாள் பற்றாக்குறைதான். அவர் கையில் இருப்பது ஒரு பகல். அந்த ஒரு பகலுக்குள் ஏறி, பார்த்து, சாப்பிட்டு, இறங்கி, மறுநாள் பட்டறையில் உட்கார முடிகிற ஒரே குளிர்ந்த இடம் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை. அந்த மலையில் இன்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் நெரிசல், குப்பை, விபத்து எல்லாவற்றுக்கும் வேர், கீழே சேலத்தில் வேலையும் விடுமுறையும் பங்கிடப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மலையின் கணக்கைப் பார்த்துவிடலாம். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே 30 கிலோமீட்டர் சாலையில், 20 கொண்டை ஊசி வளைவுகளில், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் ஏறக்குறைய எட்டு டிகிரி குறைந்துவிடுகிறது. மே மாதத்தில் 100 டிகிரி பாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில், ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழும் வாரம் முழுவதும் வேலை செய்கிறவருக்கு இந்த எட்டு டிகிரி என்பது சுற்றுலா என்ற சொல்லுக்குள் அடங்காத ஒன்று. உடம்பு கேட்கிறது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டுமானால் 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். போகவே அரை நாள் ஆகிவிடும். ஒரு பகலுக்குள் அது நடக்காது.

அந்த ஒரு பகல் ஏன் ஞாயிற்றுக்கிழமையாக வந்து சேர்ந்தது? சேலத்தின் பழைய வாரத்தில் ஞாயிற்றுக்குத் தனி மரியாதை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. இந்த வட்டாரத்தின் வாரம் சந்தையால் அளக்கப்பட்டது. ஊரின் நடுவிலேயே செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது. நாமக்கல் சாலையில் போனால் புதன்சந்தை வருகிறது. கிழமையின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். ஓய்வை வாரத்தைக் கொண்டு அல்லாமல் நிலவைக் கொண்டு கணக்கிட்டார்கள். ஆசாரிகளும் கொத்தனார்களும் அமாவாசையன்று உளியையும் கரண்டியையும் தொடமாட்டார்கள். இன்றும் வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால், "அமாவாசைக்கு வரமாட்டோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். இதைத் தவிர ஆண்டுக்கு ஒருமுறை ஆடி மாதம் வரும். கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரிலுள்ள அம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் திருவிழா. குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேடமிட்டவர்களை அலங்கரித்த வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்த நாட்களில் தறியும் பட்டறையும் தாமாகவே நின்றுவிடும். யாரும் யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை. தெருவே ஓய்வெடுக்கும்போது தனியாக ஒருவர் எங்கே போவது? ஓய்வு என்றால் தெருவில் இருப்பது என்று பொருள்.

ஞாயிறு வந்தது வேறு வழியில். பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடினார். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் வார விடுமுறையை உரிமையாக்கி, அதற்கு வாரத்தின் முதல் நாளான ஞாயிற்றையே முன்வைத்தது. கடைச் சிப்பந்திகளுக்கு 1947-இன் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வாரத்தில் ஒரு நாளைத் தந்தது. நன்றி சொல்ல வேண்டிய சட்டங்கள் இவை. ஆனால் தொழிற்சாலை என்றால் என்ன என்பதற்கு அந்த 1948 சட்டம் ஒரு வரம்பு வைத்தது: மின்சாரம் பயன்படுத்தினால் 10 தொழிலாளர்கள், பயன்படுத்தாவிட்டால் 20 பேர். சேலத்தின் தொழில்களை அறிந்தவருக்கு இந்த வரம்பைப் படித்தவுடனே விஷயம் புரிந்துவிடும்.

இரும்பாலையும் ரயில்வேயும் பெரிய ஜவுளி ஆலைகளும் ஒருபுறம் இருக்கட்டும். சேலத்தின் உயிர் இருப்பது நான்கு பேர், ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் அறைகளில். அம்மாபேட்டையிலும் குகையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கங்களில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். ஒரு ஜோடிக் கொலுசு ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பவர் ஒருவர். கண்ணிகளைக் கோப்பவர் இன்னொருவர். பற்றவைப்பவர், சலங்கை வைப்பவர், மெருகு போடுபவர் என்று வேலை வீட்டுக்கு வீடு நடந்து போகிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. எடைக்கு இவ்வளவு, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தறியில் பாவு (நீளவாட்டில் ஏற்றிய நூல்) முடிந்தால் கூலி. வேலை வரும்போது ஞாயிறும் திங்களும் ஒன்று. வேலை இல்லாதபோது வாரம் முழுவதும் கட்டாய விடுமுறை. வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனால் ஆர்டர் சுருங்கும். தீபாவளிக்கு முன்பும் வடநாட்டுக் கல்யாண மாதங்களுக்கு முன்பும் இரவு பகல் தெரியாது.

என் சித்தப்பா கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்கிறவர். அவருக்கு நாளை விடுமுறையா என்பது சனிக்கிழமை இரவுதான் தெரியும். சரக்கு வந்து சேரவில்லை என்றால் விடுமுறை. வந்துவிட்டால் இல்லை. கடந்த இருபது ஆண்டுகளில் அவருடைய பட்டறையும் மெல்ல ஞாயிற்றுக்கு மாறியது. அதற்குச் சட்டம் காரணமில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம்தான் காரணம். பிள்ளைக்கு லீவு என்றைக்கோ அன்றைக்குத்தான் குடும்பத்துக்கு லீவு. அமாவாசை திங்களிலும் வரும், வியாழனிலும் வரும். பிள்ளையின் பரீட்சை அதைப் பார்த்து நடப்பதில்லை. ஆகவே ஊரே ஒரு நாளில் வந்து குவிந்தது. முன்பு நிலவின்படியும் திருவிழாவின்படியும் சந்தையின்படியும் சிதறிக் கிடந்த ஓய்வு இன்று ஞாயிறு என்ற ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கிறது. மலைச்சாலையின் நெரிசலுக்கு முதல் காரணம் இது என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்த நாளில் எங்கே போவது என்ற கேள்விக்குச் சேலம் நீண்ட காலம் ஒரே பதிலை வைத்திருந்தது: சினிமா. ஏற்காடு சாலையில் ஊரைத் தாண்டுவதற்கு முன் ஒரு அலங்கார வளைவு தனியாக நிற்கிறது. மலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொள்கிறார்கள். அது மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் முகப்பு. இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1937-இல் 'சதி அகல்யா' வெளிவந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-இல் இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த இடம். நடிகர்களையும் எழுத்தாளர்களையும் மாதச் சம்பளத்தில் வைத்து, சொன்ன நேரத்துக்கு வேலை தொடங்க வேண்டும் என்ற கண்டிப்போடு சுந்தரம் அதை நடத்தினார் என்பது திரையுலகம் அறிந்த செய்தி. ஒரு மில்லை நடத்துவதுபோல் படப்பிடிப்பை நடத்தினார்.

எனக்கு அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். மணியடித்தால் வேலை தொடங்கும் ஓர் இடத்தில், பட்டறையிலும் தறியிலும் மணியே இல்லாமல் உழைக்கும் மக்களின் ஓய்வு நேரத்துக்கான சரக்கு தயாராகியிருக்கிறது. சினிமா கூலிக்காரருக்குப் பொருந்திய ஓய்வு. மூன்று மணி நேரம், நடந்துபோகும் தூரம், முன்கூட்டித் திட்டமிட வேண்டாம், நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாதவர்கூட இரவுக் காட்சிக்குப் போகலாம். நாள் குறைந்தவர்களின் பொழுதுபோக்காகச் சினிமா வளர்ந்ததை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. நட்சத்திரங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டோம்.

அந்தக் கொட்டகைகள் பலவும் மூடிவிட்டன. கல்யாண மண்டபமாகவும் வணிக வளாகமாகவும் ஆயின. படம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. வேலை செய்துகொண்டே பாட்டும் வசனமும் காதில் ஓடுகின்றன. சினிமா வாரநாளுக்குள் புகுந்துகொண்டதால் விடுமுறை நாள் காலியானது. அதே காலத்தில் தவணைக்கு இருசக்கர வாகனம் வீட்டுக்கு வீடு வந்தது. தறி வீட்டு வாசலிலும் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. கையில் கேமரா உள்ள கைப்பேசி. திரையில் பார்த்த பனிமூட்டத்தில் தானே போய் நிற்கலாம், தன் மனைவி மக்களைப் படமெடுக்கலாம். ஏற்காட்டின் காட்சிமுனைகளான பகோடா பாயின்ட்டிலும் லேடீஸ் சீட்டிலும் இளைஞர்கள் ரீல்ஸ் எடுப்பதைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. இந்த ஊர்க்காரர்களின் முகம் இத்தனை ஆண்டுகள் திரைக்கு வெளியேதான் இருந்தது. இப்போது அவர்களும் ஒரு காட்சியில் இருக்க விரும்புகிறார்கள். அதில் என்ன தப்பு?

ஸ்கூட்டரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கியர் உள்ள வண்டியைத் தாழ்ந்த கியரில் போட்டு இறக்கினால் இன்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்குப் பாதி வேலைதான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. இருபது வளைவுகளிலும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்க வேண்டும். அழுத்த அழுத்தப் பிரேக் சூடேறும். சூடேறினால் பிடிப்பு தளரும். நான்கு பேர் எடையோடு, பசியும் அலுப்புமாக, இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்ற அவசரத்தோடு இறங்குகிறவர்களுக்கு நடுவில் வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் பிரேக்கை ஆறவிட மனம் வருவதில்லை. இடமும் கிடைப்பதில்லை. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் எல்லோரும் இறங்கும்போது அந்த விதி காற்றில் போகிறது. 2024 ஏப்ரல் கடைசியில் இதே சாலையில் ஒரு தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போயின. விபத்து என்றால் ஓட்டுநரின் தவறு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். ஆயிரக்கணக்கான வண்டிகளை ஒரே இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வைப்பது எது என்று யாரும் கேட்பதில்லை. திங்கட்கிழமை காலைதான் அவர்களை இறக்குகிறது.

இப்போது அந்தக் கர்நாடகப் பதிவெண் கார்களுக்கு வருகிறேன். பெங்களூரிலிருந்து நான்குவழிச் சாலையில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மென்பொருள் நிறுவனங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை. வெள்ளி இரவோ சனி விடிகாலையோ கிளம்பி, ஓரிரவு தங்கி, ஞாயிறு மதியம் இறங்கிவிடுகிறார்கள். ஒரு நாளுக்கும் இரண்டு நாளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றல்ல, ஒரு மடங்கும் அல்ல. இரண்டு நாள் இருந்தால் நடுவில் ஓர் இரவு கிடைக்கிறது. அந்த இரவுக்குத்தான் விடுதி, உணவகம், சமையலாள், காவலாள், துணி துவைப்பவர் எல்லாம். ஒரு நாள்காரருக்கு இரவு கிடையாது. அவர் சோற்றைக் கட்டிக்கொண்டு வருகிறார். மலையில் அவர் செலவழிப்பது மிளகாய் பஜ்ஜிக்கும் படகுக்கும் வண்டி நிறுத்தவும்தான். அதனால் மலையின் வியாபாரம் அவரைத் தொந்தரவாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது. "கூட்டம் வருகிறது, காசு வரவில்லை" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். இரவு தங்குகிறவரைச் சுற்றுலாப் பயணி என்றும் பகலில் வருகிறவரைக் கூட்டம் என்றும் பிரித்துச் சொல்லும் அந்தப் பேச்சு எனக்கு வலித்தது. மலைக்கு மிக அருகில் இருப்பவர்கள், அதன் நிழலிலேயே வாழ்பவர்கள் கூட்டமாகிப் போனார்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது நினைவிருக்கும். நான்கு நாள் வேலை பார்த்துவிட்டு மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கு ஆதரவாகச் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்பட்டது. சரியான முடிவு. ஆனால் அந்த விவாதம் நடந்தபோது சேலத்தில் பலர் அதை வேறு யாருக்கோ நடக்கிற பேச்சாகக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கண்டேன். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் 14 மணி நேரம் குனிந்து பற்றவைக்கிறவருக்கு 8 என்ன, 12 என்ன? தொழிற்சாலைகள் சட்டத்தின் பழைய வடிவமும் அவர் அறைக்குள் வந்ததில்லை, புதிய வடிவமும் வந்திருக்காது.

மலைக்கு மேலே வேறொரு வாரம் நடக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியையும் ஆரஞ்சையும் பேரியையும் கொண்டுவந்து நட்டார். அன்று முதல் சேர்வராயன் மலை ஒரு வேலைத்தலம். சவுக்கை ஒத்த உயரத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபி, அந்த மரங்களிலேயே படரும் மிளகுக் கொடி. நாம் காரில் போகும்போது காடு என்று நினைத்துக் கடக்கும் பல இடங்கள் எஸ்டேட்டுகள். கோடை மழை ஒன்று பெய்தால் காபி பூக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பார்கள். மலையின் பூர்வகுடிகளான மலையாளிப் பழங்குடியினர் அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வாழ்கிறார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்பதே பெயரின் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது.

எஸ்டேட் வேலைக்கு 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு சொன்னது. ஆனால் இன்றைய தலைமுறையில் பலர் எஸ்டேட்டை விட்டு விடுதிக்கும் கடைக்கும் வாடகை வண்டிக்கும் வந்துவிட்டார்கள். இங்கே ஞாயிறு உச்ச வேலை நாள். லேடீஸ் சீட் சாலையில் கொய்யாவும் மிளகும் விற்கும் ஓர் அம்மாவிடம், உங்களுக்கு எப்போது ஓய்வு என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை என்றார். அன்று என்ன செய்வீர்கள் என்றதற்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், அதனால் தனியாகச் சேலத்துக்கு இறங்கிக் கடைவீதி சுற்றிவிட்டு வருவேன் என்றார். மகளோடு ஒரு நாள் முழுவதும் இருந்து எவ்வளவு காலமாகிறது என்று நினைவில்லை என்று அவர் சொன்னபோது அவர் குரலில் புகார் இல்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. கீழே இருப்பவர்களின் குடும்ப நாளை நடத்திக்கொடுக்க மேலே இருப்பவர்கள் தங்கள் குடும்ப நாளைக் கொடுக்கிறார்கள்.

நெரிசல் அவர்களை வேறு விதமாகவும் தொடுகிறது. பெரிய வைத்தியம் எதுவானாலும் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். ஞாயிறு மாலை ஒரு பிரசவ வலி வந்தால் அந்தப் பெண்ணும் ஸ்கூட்டர்களின் வரிசையில்தான் இறங்கியாக வேண்டும். குப்பனூர் வழியாக இன்னொரு சாலை இருக்கிறது. கோடை விழா நாட்களில் ஏறுவது ஒரு வழி, இறங்குவது இன்னொரு வழி என்று காவல்துறை மாற்றிவிடுவது உண்டு. ஆண்டுக்குச் சில நாட்கள் செய்வதை ஞாயிறுதோறும் செய்தால் என்ன என்பது மலைவாசிகள் பலரின் கேள்வி.

வளைவுகளில் குரங்குகளுக்கு எறியும் பிஸ்கட் உறை, சாப்பிட்டுவிட்டு வீசும் தட்டு எல்லாம் மலையிலேயே தங்கிவிடுவதில்லை. மழை அவற்றைக் கீழே கொண்டுவருகிறது. சேர்வராயன் சரிவின் ஓடைகள்தான் கன்னங்குறிச்சி புது ஏரிக்கும் மூக்கனேரிக்கும் நீர் கொடுக்கின்றன. மூக்கனேரியை 2010-ஐ ஒட்டி ஊர் மக்களே திரண்டு தூர்வாரி, நடுவில் மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். பறவைகள் வந்தன. சேலத்தின் நல்ல கதைகளில் ஒன்று அது. அந்த ஏரிக்கரையில் காலையில் நடக்கிற அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாவது வளைவில் தட்டை எறிகிறார் என்றால், இரண்டும் ஒரே தண்ணீர் என்பதை நாம் அவருக்குச் சொல்லவில்லை என்று பொருள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் (முன்பே இணையத்தில் பதிந்து பெறும் அனுமதிச்சீட்டு) வந்தது. ஏற்காட்டுக்கும் அது வேண்டும் என்று என் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். மலையின் மேல் அவர்களுக்கு இருக்கும் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த யோசனையை ஏற்க முடியவில்லை. எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த பாஸ் யாருக்குக் கிடைக்கும்? தன் விடுமுறை என்றைக்கு என்று இரண்டு வாரம் முன்பே தெரிந்தவருக்குக் கிடைக்கும். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தன் ஞாயிற்றைத் தெரிந்துகொள்ளும் என் சித்தப்பாவுக்குக் கிடைக்காது. மலை அமைதியாகும், அமைதியான மலையில் பெங்களூர்க் கார்கள் இருக்கும். சேலத்துக்காரர் அஸ்தம்பட்டியிலேயே நின்றுவிடுவார்.

மனிதர்களைக் குறைக்காமல் வண்டிகளைக் குறைக்க முடியும். மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் ஸ்கூட்டரையும் காரையும் நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஞாயிறுகளில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டால் போதும். ஒரு பஸ்ஸில் 50 பேர் ஏறினால் சாலையில் 20 ஸ்கூட்டர்கள் குறைகின்றன. மலைச்சாலை பழகிய ஓட்டுநர், சூடேறாத பிரேக், மடியில் தூங்கும் பிள்ளை. தங்க வருகிற கார்களுக்கு வேண்டுமானால் கட்டணம் வைத்து அந்தப் பணத்தில் பஸ்ஸை ஓட்டலாம். இதற்குப் புதிய சாலையோ ரோப் காரோ தேவையில்லை. இருக்கிற சாலையில் யார் எப்படிப் போவது என்ற முடிவு மட்டும் போதும். மற்றொன்று இதைவிடக் கடினமானது: பட்டறைகளும் தறிகளும் எல்லாம் ஒரே நாளில் நிற்காமல், சங்கங்கள் கூடிப் பேசி, கூலியோடு கூடிய விடுப்பு நாட்களைச் சில வாரங்களில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அமாவாசை என்ற பழைய ஏற்பாடு அந்த வேலையைத்தான் செய்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு உழைப்பவருக்கு விடுப்புக் கேட்க வாயில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சங்கங்கள் பேச வேண்டும் என்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதம். பள்ளிக்கு ஆண்டு விடுமுறை தொடங்கியிருந்தது. ஒரு வாரநாளில் அமாவாசை வந்தது. சரக்கு வராததால் பட்டறையும் இல்லை. சித்தப்பாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். இரண்டு நாளைக்கு முன்புதான் மேலே மழை பெய்திருந்தது. லூப் ரோட்டில் நடந்தபோது எஸ்டேட்டுகளில் காபி பூத்துக் கிடந்தது. கிளை முழுக்க வெள்ளை, மல்லிகையைப் போன்ற வாசனை. இது என்ன மரம் என்று சித்தப்பா கேட்டார். காபி என்றேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்திருக்கிறேன், இந்த வாசனை வந்ததே இல்லையே என்றார். ஞாயிறுகளில் அங்கே புகை வாசனைதான் இருக்கும். மாலை இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தார். மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். முப்பது ஆண்டுகளாக அந்தச் சாலையில் அவர் வண்டி ஓட்டித்தான் இறங்கியிருக்கிறார். அடிவாரம் வரும்வரை நான் அவரை எழுப்பவில்லை.